பொட்டு வைத்த பிரிண்டர்

1

கிட்ட வா கண்ணு. அங்கே வாசலோரம் நின்றால் லாரிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. பாகலூர் ரோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இப்படி என் பக்கத்தில் உட்கார். உனக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். அதில் ராஜா இல்லை, பேய் இல்லை. ஒரு பிரிண்டர் இருக்கிறது. அதன் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு இருக்கிறது. சிரிக்காதே. அந்தப் பொட்டைக் காட்டி ஒருத்தியின் ஆறு வருஷ உழைப்பைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

இது எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக வரவில்லை. பதில் கடிதமாக வந்தது. பக்கத்து வீட்டு வீரலட்சுமி போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்பெனி அவளுக்குக் கொடுத்த ஒரு மெமோவையும், ஒரு கட்டு வீணாய்ப்போன பேப்பரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"மெமோவுக்குப் பதில் எழுதிக் குடுங்கம்மா. பேப்பரு ஒங்களுக்கு. ஒரு பக்கம் காலியாத்தான் கெடக்கு."

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மிச்சத்தை பஸ் போர்டிலும், பொட்டலம் கட்டி வந்த தாளிலும் படித்துக்கொண்டேன். ஆனாலும் இந்த லைன் வீடுகளில் மனு, லீவு லெட்டர், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அன்றைக்கும் உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மெமோ கிடைக்கப்பெற்று" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. வயது எழுபத்தொன்று, அதனால் அல்ல. கோபம். அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, கட்டிலிருந்து இன்னொரு தாளை உருவி அதன் முதுகில் இதை எழுத ஆரம்பித்தேன்.

2

எங்கே ஆரம்பிப்பது?

"ஒசூர் சிப்காட்டில் மார்கழி போலப் பனி இறங்கிய ஒரு காலையில் வீரலட்சுமி—"

(வேண்டாம். பனிக்கும் மெமோவுக்கும் என்ன சம்பந்தம்? அவள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனாள். பனியை அவள் பார்க்கவே இல்லை.)

"அபலைப் பெண் வீரலட்சுமியின் கண்களில் நீர்—"

(இதுவும் வேண்டாம். அவள் அழவில்லை. சாத்தூர்ப் பக்கத்துக்காரி, பி.காம். படித்தவள். கண்ணீரை வைத்தால் படிக்கிறவர்கள் "பாவம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்குப் பாவம் வேண்டாம். எனக்கு நியாயம் வேண்டும்.)

சரி, இருப்பதை இருக்கிறபடியே சொல்கிறேன்.

அவள் கம்பெனியில் லாரிக்கு வேண்டிய இரும்பு உதிரிபாகம் செய்கிறார்கள். அது ஜூஜுவாடி தாண்டி, கர்நாடகப் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போகிறது. ஒவ்வொரு லோடோடும் ஒரு சோதனைச் சான்றிதழ் காகிதத்தில் போக வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் அங்கே கேட் திறக்காது. அந்தக் காகிதத்தை அடித்துத் தருவது வீரலட்சுமியின் வேலை. டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஆறு வருஷமாக, கான்ட்ராக்டில். பதினோரு மாசம் வேலை, ஒரு மாசம் இடைவெளி, மறுபடி பதினோரு மாசம். இந்த வருஷம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது.

அவள் கம்ப்யூட்டர் புதுசு. ஆனால் அதில் ஓடுகிற சாஃப்ட்வேர் இருபத்தைந்து வருஷப் பழசு. கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது. மாற்றுவதற்கு யாருக்கும் துணிச்சல் இல்லை, கம்பெனியின் எல்லாக் கணக்கும் அதன் வயிற்றில்தான் இருக்கிறது. அந்தப் பழைய சாஃப்ட்வேருக்கு அச்சடிப்பதைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்: "என் முதுகில் ஒரு துவாரம் இருக்கிறது, அதில் பிரிண்டர் சொருகியிருக்கிறது."* புதுக் கம்ப்யூட்டரின் முதுகில் அந்தத் துவாரமே இல்லை. பிரிண்டர் இருப்பது இரண்டு சுவர் தள்ளி ஸ்டோர்ஸ் ரூமில், அங்கே வேலை பார்க்கிற ஜெபசீலியின் கம்ப்யூட்டரில்.

அதனால் புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு வரி அடித்துச் சொல்லி வைக்க வேண்டும்: பழைய சாஃப்ட்வேர் என்கிற இந்தக் கிழவன் அந்தத் துவாரத்தில் போடுவதையெல்லாம் நீ வாங்கிக்கொள், கம்பி வழியாக இன்ன பெயருள்ள கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், அதன் பிரிண்டரில் கொடு. பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் சரக்கு போய்ச் சேராது. அவ்வளவுதான் கண்ணு. தபால்காரனுக்கு விலாசம் சொல்வது போல. முன்னால் அங்கே வேலை பார்த்த ரெக்ஸ் என்கிற பையன் வேலையை விட்டுப் போகும்போது அந்த ஒரு வரியை வீரலட்சுமியின் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

* அந்தத் துவாரத்துக்கு எல்பிடி ஒன்று என்று பெயராம். மெமோவிலும் அந்தப் பெயர் இருக்கிறது. "எழுதினவருக்கு அது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். வீரலட்சுமி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

3

ஆயுத பூஜைக்கு இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். லேத்துக்கு வாழைக்கன்று, ஃபோர்க் லிஃப்ட்டுக்கு மாலை, கேட்டில் பூசணிக்காய். இவர்கள் கம்பெனியில் லீவுக்கு முந்தின நாளே, மெமோ வந்ததற்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பூஜை. எல்லா மெஷினையும் துடைத்து, அணைத்து, பொட்டு வைத்து, மூன்றாம் நாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. டெஸ்பாட்ச் கம்ப்யூட்டர் வருஷத்தில் அணைவது அன்றைக்கு ஒருநாள்தான்.

பொட்டு வைக்கிற வேலை வீரலட்சுமிக்கு. சந்தனக் கிண்ணத்தோடு ஸ்டோர்ஸுக்குப் போய், "ஜெபா, ஒன் பிரிண்டருக்கும் வைக்கவா? ஒனக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டிருக்கிறாள்.

"வைங்கக்கா. அதுவும் பாவம், வருஷம் பூரா நமக்காகக் கத்துது. எனக்குப் பொரியில மட்டும் கடலை கொஞ்சம் கூடப் போட்டுக் குடுங்க."

வைத்தாள். பிரிண்டரின் மூடி மேல், ஒரு கட்டைவிரல் அகலம். மூடி மேல், கண்ணு. உள்ளே அல்ல.

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் திறந்தார்கள். ஏழரைக்கு லோடு தயார். சான்றிதழ் அடித்தாள். வரவில்லை. மறுபடி அடித்தாள். பிரிண்டர் ஒரு முனகல்கூட முனகவில்லை. லாரி டிரைவர் மாதேஷ் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"ஏனக்கா, ஆய்த்தா?"

"இல்ல மாதேஷ், இன்னும் ஆகல."

"அத்திப்பள்ளி டிராஃபிக் ஆரம்பிச்சா நான் மதியம்தான் போவேன். அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது."

சிஸ்டம் ஆள் ஹரீஷ்குமார் வந்தான். வந்ததும் கேபிளைப் பிடுங்கிச் சொருகினான். அணைத்துப் போட்டான். பிறகு மாடியில் மேனேஜர் அறையில் இருக்கிற லேசர் பிரிண்டருக்கு எல்லாவற்றையும் திருப்பிவிட்டான். அதற்குப் பழைய சாஃப்ட்வேரின் பாஷை புரியவில்லை. தாளுக்கு ஒரு வரி, அதுவும் முள்ளும் வளையமுமாக ஏதோ கிறுக்கல், அப்படி இருநூறு தாளைத் துப்பியது. நீ என் மடியில் பார்க்கிறாயே, இந்தக் கட்டு அதுதான். அப்புறம் ஸ்டோர்ஸுக்குப் போய், பொட்டைப் பார்த்தான். "இதான் ப்ராப்ளம். சந்தனம் உள்ளே எறங்கி சென்சார் போயிருக்கு" என்றான்.

மணி பதினொன்றரை. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையில் உதிரிபாகம் இல்லாமல் வேலை நின்றுவிட்டது. போன் மேல் போன்.

வீரலட்சுமி எழுந்தாள். ஸ்டோர்ஸுக்குப் போனாள். பிரிண்டரைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து ஜெபசீலியின் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தாள். அதில் பளபளவென்று ஒரு புது ஸ்டிக்கர். அதில் ஒரு புதுப் பெயர்: நாலு இங்கிலீஷ் எழுத்து, நாலு நம்பர். இத்தனை வருஷமும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்டோர்ஸ் என்றுதான் பெயர்.

"இது எப்பம் ஒட்டுனது ஜெபா?"

"பூஜை அன்னைக்கு மத்தியானம்க்கா. ஹரீஷ் சார் வந்து உக்காந்தாரு. என்னை சாப்பிடப் போகச் சொன்னாரு."

திரும்பி வந்தாள். நோட்டைத் திறந்தாள். ரெக்ஸ் எழுதிய வரியை அடித்து, பழைய பெயர் இருந்த இடத்தில் புதுப் பெயரைப் போட்டாள். இரண்டு சுவருக்கு அப்பால் பிரிண்டர் கரகரவென்று கத்தியது. ஜெபசீலி அங்கிருந்தே, "அக்கா, வந்துருச்சு!" என்று கூவினாள்.

மாதேஷ் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஓடினான். ஹரீஷ்குமார் அங்கேயே நின்றான். அந்தக் கரகரச் சத்தம் ஓயவில்லை, அதற்கு மேல் சத்தம் போட்டுத்தான் கேட்டானாம்:

"சிஸ்டத்துல கை வைக்க யார் உங்களுக்கு பர்மிஷன் குடுத்தது?"

4

(இந்தப் பகுதி என்னிடம் இல்லை. ஹரீஷ்குமாரைப் பற்றி ஒரு முழுத்தாள் எழுதியிருந்தேன். அது இப்போது எங்கே இருக்கிறது என்று ஆறாம் பகுதியில் சொல்கிறேன். அவசரப்படாதே.)

5

அந்த மெமோவை நான் பத்துத் தடவை படித்துவிட்டேன். இரண்டு குற்றம். ஒன்று, அனுமதியின்றி மின்னணுச் சாதனத்தில் சந்தனம் பூசிச் சேதம் விளைவித்தது. இரண்டு, அதிகாரமின்றி எல்பிடி ஒன்றுக்குக் கட்டளை கொடுத்து அமைப்பில் மாற்றம் செய்தது.

சேதமான பிரிண்டர் எப்படி அச்சடித்தது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை! இன்றைக்கும் அந்தப் பொட்டு அதே மூடி மேல் காய்ந்து கிடக்கிறது. இன்றைக்கும் அதே பிரிண்டர்தான் சான்றிதழ் அடிக்கிறது. கெட்டுப்போகாததைக் கெடுத்தாள் என்று ஒரு குற்றம். கெட்டிருந்ததைச் சரிசெய்தாள் என்று இன்னொரு குற்றம். எந்த ஊர் நியாயம் இது?

மெமோவோடு இன்னொரு தாளும் கொடுத்திருந்தார்கள், அவர்களே தட்டச்சு செய்து. "என் தவறை ஒப்புக்கொள்கிறேன், இனி நடவாது." கீழே கையெழுத்துக்குக் கோடு. சனிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், நிரந்தரப் பட்டியலில் பெயர் இருக்காது. போடாவிட்டால் இரண்டும் இருக்காது.

மெமோ கொடுத்தவர் பெர்சனல் மேனேஜர் கமலக்கண்ணன். அந்தப் பேச்சை வீரலட்சுமி சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஏம்மா, பிரிண்டர் என்ன கோயில் சிலையா, சந்தனம் பூச?"

"சார், பூஜைக்கு வந்ததும் நீங்கதான எல்லா மெஷினுக்கும் வச்சாச்சான்னு கேட்டீக?"

"நான் மெஷினைச் சொன்னேன்."

"அதுவும் மெஷின்தான சார்?"

"வாய் பேசாத. நீ என்ன கம்ப்யூட்டர் இன்ஜினியரா?"

"இல்ல சார். பி.காம்."

"அப்புறம் எப்படி அந்தக் கமாண்ட் உனக்குத் தெரிஞ்சது? நீதான் முன்னாடியே எதையோ நோண்டியிருக்கணும். இல்லேன்னா சிஸ்டம் ஆளுக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டாயா கண்ணு? தெரியாமல் இருந்திருந்தால் அவள் நிரபராதி. தெரிந்ததுதான் குற்றம். ஒரு பொம்பளை ஒரு வேலையைக் கற்றுக்கொண்டால் அது திருட்டு மாதிரி தெரிகிறது இவர்களுக்கு.

அவள் வீட்டுக்காரன் கருப்பசாமி நல்ல மனுஷன், வேறொரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவன் சொன்னான்: "கையெழுத்துத்தான? போட்டுட்டு வா. நாம என்ன அவுகளோட மல்லுக்கட்டவா ஒசூருக்கு வந்தோம்?" அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வழக்கமாக மூன்று தண்ணீர் போதும். அன்றைக்கு ஆறு தண்ணீர் களைந்தாள்.

6

இப்போது நாலாம் பகுதிக்கு வருகிறேன்.

ஹரீஷ்குமாரை எழுதும்போது எனக்குப் பெரிய தடுமாற்றம். முதலில் அவனுக்கு ஒரு தங்கக் காப்பு மாட்டினேன், நக்கல் சிரிப்பு ஒன்று கொடுத்தேன். அடித்துவிட்டேன். வீரலட்சுமியைக் கேட்டால், "இல்லம்மா, அவனும் கான்ட்ராக்ட்தான். பெங்களூரு ஏஜென்சி ஆளு" என்கிறாள். தலைமை அலுவலகத்திலிருந்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புதுப் பெயர் வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. பூஜைக்கு எல்லாம் அணையப்போகிற நாளாகப் பார்த்து மாற்றியிருக்கிறான். அதை நம்பி இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தபோது பயந்துவிட்டான். பயந்தவன் கண்ணில் ஒரு பொட்டு பட்டது.

இதையெல்லாம்தான் ஒரு முழுத்தாள் எழுதினேன். அவன் பயத்தையும் எழுதினேன். பயந்தவன் பக்கத்தில் நிற்பவளைப் பிடித்துத் தள்ளினால், விழுகிறவளுக்கு அடி படாமல் போய்விடுமா என்றும் எழுதினேன். நிறைய எழுத வேண்டியிருந்ததால் கட்டிலேயே அகலமான தாளாகப் பார்த்து எடுத்தேன். மற்றதெல்லாம் லேசர் பிரிண்டர் தாள். இது ஒன்று மட்டும் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட தாள். ஸ்டோர்ஸ் பிரிண்டரின் தாள். ஜெபசீலி குப்பை கட்டும்போது இதுவும் சேர்ந்து வந்திருக்கிறது.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம், எழுதியதைப் படித்துப் பார்க்கத் தாளைத் தூக்கிப் பிடித்தேன். வெளிச்சத்தில் பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. கிறுக்கல் இல்லை, ஒழுங்கான வரிகள். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். தேதி தெரிந்தது, மணி தெரிந்தது. வீரலட்சுமி வேலை விட்டு வந்ததும் காட்டினேன்.

தாளைக் கையில் வாங்கியவள் அச்செழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"அம்மா, இது டெஸ்ட் பேஜ்."

பிரிண்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடிக்கிற தாளாம். அதில் எல்லாம் தானாகவே விழுமாம். பூஜை நாளின் தேதி. மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. கம்ப்யூட்டரின் பெயர்: ஸ்டிக்கரில் இருந்த அதே புதுப் பெயர். அடித்தவர் பெயர்: ஹரீஷ். அவள் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தது மூன்று மணிக்கு. பெயர் மாறியதுதான் கோளாறு, மாற்றியது அவன், அதுவும் பொட்டுக்கு முன்னாலேயே என்று தாளே சாட்சி சொல்கிறது.

நான் என் எழுத்தைப் பார்க்கிறேன், அவள் அச்செழுத்தைப் பார்க்கிறாள். ஒரே தாள்.

"அய்யோ, பின்னாடி பூரா கிறுக்கி வச்சிட்டேனே தாயி!"

"இருக்கட்டும்மா. இத அப்படியே குடுப்போம். ஜெராக்ஸ் குடுத்தா, நானே கம்ப்யூட்டர்ல அடிச்சேன்னு சொல்லுவாக. கமாண்ட் தெரிஞ்சவதான நான்?"

அச்சுப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டோம். கடைக்காரர் "ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டார். கதைதானே, மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று நான்தான் வேண்டாம் என்றேன். மறுபடி எழுத வரவில்லை. அதனால்தான் நாலாம் பகுதி காலி.

7

முடிவு எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: கமலக்கண்ணன் தாளைப் பார்த்துவிட்டு மெமோவைக் கிழித்துப் போட்டு, "மன்னிச்சிடும்மா" என்கிறார். (எழுதி முடித்ததும் நானே சிரித்துவிட்டேன்.)

இரண்டாவது: "இந்தத் தாளை யார் வேணா தயார் பண்ணலாம்" என்று குப்பைக் கூடையில்— (இதை முடிக்க மாட்டேன். எழுதினால் நடந்துவிடுமோ என்று இருக்கிறது.)

மூன்றாவது: அவளை விட்டுவிட்டு அதே மெமோவை ஹரீஷ்குமாருக்குக் கொடுக்கிறார்கள். இதுதான் எனக்கு அதிகமாக எரிச்சல் மூட்டியது. உத்தரவு போட்டவர்கள் யாரையும் கேட்காமல் போட்டார்கள், அவர்களை யாரும் கேட்கப் போவதில்லை. பழியை ஒரு கான்ட்ராக்ட் ஆள் நெற்றியிலிருந்து எடுத்து இன்னொரு கான்ட்ராக்ட் ஆள் நெற்றியில் வைப்பதற்குப் பெயர் நியாயமா?

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று சனிக்கிழமை, மணி நாலே முக்கால். வீரலட்சுமி கையெழுத்துப் போடாத மன்னிப்புத் தாளையும் ஓட்டைத் தாளையும் கமலக்கண்ணன் மேஜையில் வைத்தாள். ஜெபசீலி, யாரும் கூப்பிடாமலே வந்து கதவருகில் நின்றுகொண்டாள்.

அவர் அச்சுப் பக்கத்தைப் பார்த்தார். தேதியில் விரலை வைத்தார், எடுக்கவில்லை. பிறகு தாளைத் திருப்பினார். என் கோழிக் கிறுக்கலைப் படிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இது யார் எழுதினது?"

"எங்க பக்கத்து வீட்டு அம்மா சார்."

"மிச்சம் எங்கே?"

"அவுககிட்ட இருக்கு."

"திங்கக்கிழமை எடுத்துட்டு வா. முழுசும்."

மெமோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புத் தாளைத் திருப்பித் தரவும் இல்லை.

வீரலட்சுமி வீட்டுக்கு வந்து சொன்னதும் கருப்பசாமி, "அம்மா, அந்தக் கோயில் சிலை பேச்சையாவது அடிச்சிருங்க" என்றான். நான் ஒரு வரிகூட அடிக்கவில்லை. அவர் பேசியது அவருக்குத் தெரியாததா?

ஆக, பதில் கடிதம் எழுத வராமல் எழுதிய இதுவே பதிலாக நாளைக் காலை கம்பெனி பஸ் ஏறுகிறது. ஐயா கமலக்கண்ணன், இந்த இடத்துக்கு வந்துவிட்டீர்களா? நாலாம் பகுதி உங்கள் மேஜையில் இருக்கிறது, சேர்த்து வைத்துப் படியுங்கள். முடிவு என்னிடம் இல்லை. இந்தத் தாளில் கீழே கால்வாசி காலியாக விட்டிருக்கிறேன். அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னீர்களே, அதே அளவு இடம். நீங்கள் எழுதுங்கள். எழுதிய பிறகு உங்கள் கையெழுத்தையும் போடுங்கள்.

கண்ணு, உன்னையும் ஒன்று கேட்கிறேன். உன் அலுவலகத்தில் பிரிண்டர் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவாய்? அவர்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? நாளைக்குப் போய்ப் பார்.

சரி, நேரமாச்சு, எழுந்திரு. உன் வீட்டில் அடுப்பில் வைத்த உலை நிறைந்து பொங்கட்டும். உன் பிள்ளைகள் கற்றுக்கொண்டதெல்லாம் அவர்களுக்குப் பெருமையாகவே திரும்பி வரட்டும். செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாள் உன் வீட்டு வாசலுக்கு வராதிருக்கட்டும். வந்தாலும், அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு ஆள் உன் பக்கத்தில் இருக்கட்டும். நல்லா இரு. கமலக்கண்ணன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.